இது யார் எழுதிய ஃபைல்?

பழைய சர்வரின் சி டிரைவ் ஒரே நாளில் நிரம்புவதில்லை. வருடக்கணக்கில் சொட்டுச் சொட்டாக நிரம்பிக்கொண்டே வந்து, ஜிஎஸ்டி ரிட்டர்ன் போட வேண்டிய 20-ஆம் தேதிக்கு முந்தின நாளாகப் பார்த்துக் காலை வாரிவிடும். "சி டிரைவ் ஃபுல் ஆயிடுச்சு" என்று யாரும் போன் செய்வதும் இல்லை. "சார், பில்லு பிரிண்ட் வரலீங்க. பிரிண்டரை ஆஃப் பண்ணி ஆன் பண்ணியும் பார்த்துட்டோமுங்க" என்பார்கள். பிரிண்ட் கொடுத்ததும் அந்த வேலை முதலில் சர்வரின் சி டிரைவில், சிஸ்டம்32-க்குள் இருக்கும் ஸ்பூல் ஃபோல்டரில்தான் போய் உட்காரும். அங்கே இடமில்லை என்றால் பாவம், பிரிண்டர் என்ன செய்யும்?

திருப்பூர், ஈரோடு பக்கம் சின்ன பனியன் கம்பெனிகளுக்கும் மில்களுக்கும் சர்வர் பார்த்துக் கொடுப்பது என் பிழைப்பு. விண்டோஸ் சர்வர் 2008 ஆர்2 இன்னும் உயிரோடு ஓடும் இடங்கள் இங்கே உண்டு. அதில் இருக்கும் சம்பள சாஃப்ட்வேரை எழுதிக் கொடுத்தவர் எப்போதோ தொழிலை விட்டுப் போயிருப்பார். புது விண்டோஸில் அது ஏறாது. முதலாளியிடம் பேச்செடுத்தால் "ஓடிட்டு இருக்கறதை ஏனுங்க தொடணும்?" என்பார். அன்றைக்கு அந்த சர்வரை நிறுவியவர் சி-க்கு 40 ஜிபி கொடுத்து, மிச்சம் அத்தனையையும் டி-க்கு ஒதுக்கியிருப்பார். மைக்ரோசாஃப்ட் கேட்டதே குறைந்தது 32 ஜிபிதான். எட்டு ஜிபி கூடவே கொடுத்தவர் மேல் குற்றம் சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. இந்த மெஷின் பத்து வருடத்தைத் தாண்டியும் ஓடும் என்று அவர் ஜோசியமா பார்த்தார்?

இடம் பிடிக்க உட்காரும் புதியவர்கள் எல்லோரும் "எதை அழிக்கலாம்?" என்றுதான் தொடங்குகிறார்கள். நான் அப்படித் தொடங்குவதில்லை. சி டிரைவில் இருக்கும் ஒவ்வொரு ஃபைலையும் யாரோ எழுதியிருக்கிறார்கள்: ஒரு சர்வீஸ், ஒரு இன்ஸ்டாலர், சில சமயம் ஒரு மனிதர். எழுதியது யார், இன்னும் எழுதிக்கொண்டிருக்கிறாரா, நாளைக்கு வந்து அதைத் திருப்பிக் கேட்பாரா? இந்த மூன்றும் தெரியாமல் டெலிட் பட்டனில் கை வைப்பதில்லை. தெரிந்துவிட்டால் அழிப்பது இரண்டு நிமிட வேலை.

அதற்கு முதலில் அளக்க வேண்டும். ட்ரீசைஸ், வின்டர்ஸ்டாட் இரண்டில் எது இருந்தாலும் போதும். ஆனால் ரைட் கிளிக் செய்து அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறக்க வேண்டும். சாதாரணமாகத் திறந்தால் பார்க்க அனுமதி இல்லாத ஃபோல்டர்களை எல்லாம் பூஜ்யம் என்று காட்டிவிட்டுப் போய்விடும். அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்தும் கணக்கு உதைக்கும் நேரம் உண்டு. டிரைவ் பிராபர்ட்டீஸில் 38 ஜிபி செலவு என்று இருக்கும். ஃபோல்டர்களை எல்லாம் கூட்டினால் 30-தான் வரும். காணாமல் போன எட்டு பெரும்பாலும் சிஸ்டம் வால்யூம் இன்ஃபர்மேஷன் ஃபோல்டரில், ஷேடோ காப்பிகளாக ஒளிந்திருக்கும். 'விஎஸ்எஸ்அட்மின் லிஸ்ட் ஷேடோஸ்டோரேஜ்' என்று கமாண்ட் கொடுத்தால் எவ்வளவு தின்றிருக்கிறது, எவ்வளவு வரை தின்னலாம் என்று இரண்டையும் சொல்லிவிடும். அங்கேயே உச்சவரம்பைக் குறைக்கலாம். சர்வர் விண்டோஸில் சி-யின் ஷேடோ காப்பியை டி-யில் வைக்கவும் வழி இருக்கிறது. பேக்கப் சாஃப்ட்வேர் எதுவும் அதை நம்பி நிற்கவில்லையே என்று பார்த்துவிட்டு மாற்றுங்கள்.

அளந்து பார்க்கும்போது அடிக்கடி என் கண்ணில் படும் ஒரு கூத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். சி-யில் விண்டோஸ், அதற்குள் டெம்ப் ஃபோல்டர். திறந்தால் 'கேப்' என்று தொடங்கி ஓர் அண்டர்ஸ்கோர், அதன் பிறகு நம்பர்கள், எக்ஸ்டென்ஷன் எதுவும் இல்லாமல் நூற்றுக்கணக்கில் ஃபைல்கள். ஒவ்வொன்றும் பெரும்பாலும் நூறு எம்பி சுமாருக்கு. எல்லாவற்றையும் செலக்ட் செய்து அழித்தால் இருபது ஜிபி கூடக் கிடைக்கும். பார்த்தவர் மகிழ்ந்து வீட்டுக்குப் போவார். கொஞ்ச நாளில் அதே போன், அதே ஃபோல்டர், அதே ஃபைல்கள்.

எழுதுவது யார் என்று தேடினால் கதை வேறு ஃபோல்டரில் இருக்கிறது. விண்டோஸ் அப்டேட்களை நிறுவும் வேலையை விண்டோஸ் மாட்யூல்ஸ் இன்ஸ்டாலர் என்ற சர்வீஸ் பார்க்கிறது. டாஸ்க் மேனேஜரில் டிரஸ்டட் இன்ஸ்டாலர் என்ற பெயரில் தெரியும். அது செய்வதை எல்லாம் விண்டோஸுக்குள் லாக்ஸ், அதற்குள் சிபிஎஸ் என்ற ஃபோல்டரில் குறித்து வைக்கும். அந்த லாக் ஓர் அளவைத் தாண்டியதும் 'சிபிஎஸ் பெர்சிஸ்ட்' என்று தேதியோடு பெயர் மாற்றி ஓரமாக வைத்துவிட்டு, புதிய லாக் தொடங்கும். பழையதை மேக்கேப் என்ற சின்ன புரோகிராம் சுருக்கி கேப் ஃபைல் ஆக்கும். சுருக்கி முடித்ததும் மூலம் அழிக்கப்பட்டுவிடும். அதுவரை ஒழுங்கான ஏற்பாடு. ஆனால் கேப் என்ற வடிவத்தால் 2 ஜிபிக்கு மேற்பட்ட ஃபைலைத் தாங்க முடியாது. ஏதோ ஓர் அப்டேட் திரும்பத் திரும்பத் தோற்று, லாக் ஒரு முறை 2 ஜிபியைத் தாண்டிவிட்டது என்று வையுங்கள். மேக்கேப் சுருக்கத் தொடங்கும், டெம்ப்பில் ஒரு தற்காலிக ஃபைலை எழுதும், பாதி வழியில் முடியாமல் விழும். விழும்போது அந்தத் தற்காலிக ஃபைலைத் துடைத்துவிட்டுப் போக அதற்குத் தெரியாது. மூலம் அப்படியே இருப்பதால் அடுத்த முறை மறுபடி முயலும், மறுபடி விழும், மறுபடி ஒரு குப்பை. டிரைவ் நிரம்பும் வரை இதே பாட்டு.

ஆகவே முதலில் அப்புறப்படுத்த வேண்டியது டெம்ப்பில் இருக்கும் நூறு ஃபைல்களை அல்ல. சிபிஎஸ் ஃபோல்டரில் அசையாமல் படுத்திருக்கும் அந்த ஒற்றை 2 ஜிபி லாக்கை. விண்டோஸ் மாட்யூல்ஸ் இன்ஸ்டாலரை நிறுத்துங்கள், அந்த லாக்கை டி-க்கு நகர்த்துங்கள், அதன் பிறகு டெம்ப்பைக் கழுவுங்கள். முடிந்ததும் அந்த லாக்கைத் திறந்து, எந்த அப்டேட் தோற்றுக்கொண்டே இருக்கிறது என்றும் பாருங்கள். அதைச் சரிசெய்யாவிட்டால் லாக் மறுபடி ஊதும்.

அடுத்து எல்லோரும் முறைத்துப் பார்க்கும் ஃபோல்டர் வின்எஸ்எக்ஸ்எஸ். ட்ரீசைஸில் மேலே நிற்பது பெரும்பாலும் இதுதான். 12, 15 ஜிபி என்று காட்டும். விண்டோஸின் ஒவ்வொரு பாகமும், அதன் பழைய புதிய பதிப்புகளும் இங்கேதான் இருக்கின்றன. இந்த அளவை அப்படியே நம்பாதீர்கள். 'எஃப்எஸ்யூட்டில் ஹார்ட்லிங்க் லிஸ்ட்' என்று கொடுத்து, பக்கத்தில் சிஸ்டம்32-இல் உள்ள நோட்பேடின் முழு முகவரியைத் தட்டிப் பாருங்கள். இரண்டு வரி வரும். ஒன்று சிஸ்டம்32-இல் உள்ள முகவரி. மற்றொன்று வின்எஸ்எக்ஸ்எஸ்-க்குள், 'ஏஎம்டி64 மைக்ரோசாஃப்ட் விண்டோஸ் நோட்பேட்' என்று தொடங்கி, பதிப்பு எண்ணும் எழுத்துக் குப்பையுமாக நீளும் ஒரு ஃபோல்டருக்குள். டிஸ்கில் இருப்பது ஒரே நோட்பேட். வாக்காளர் பட்டியலில் ஒரே ஆளின் பெயர் இரண்டு வார்டில் இருப்பது போலத்தான்: பட்டியலை எண்ணினால் இரண்டு பேர், வீட்டில் போய்ப் பார்த்தால் ஒருவர். எக்ஸ்ப்ளோரர் பட்டியலைத்தான் எண்ணுகிறது. ஒரு பெயரை அடித்தால் இடம் ஒரு பைட் கூடத் திரும்பாது. கடைசிப் பெயரும் போனால்தான் என்டிஎஃப்எஸ் இடத்தை விடுவிக்கும். நடுவில் விண்டோஸின் அடுத்த அப்டேட், தான் வைத்த ஃபைல் வைத்த இடத்தில் இல்லை என்று முரண்டு பிடிக்கும்.

எனவே வின்எஸ்எக்ஸ்எஸ்-க்குள் கையால் எதையும் அழிக்கக் கூடாது. ஓனர்ஷிப் எடுத்து அழிக்கச் சொல்லித் தருகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் பேச்சைக் கேட்டு நடந்த சர்வர்களை மறுபடி நிறுவித்தான் மீட்க முடிந்திருக்கிறது. எழுதியவரிடமே சொல்லி அழிக்க வைப்பதுதான் முறை. 2008 ஆர்2-இல் அதற்கு இரண்டு வழி. 2011-இல் வந்த சர்வீஸ் பேக் 1-ஐப் போட்டபோது, திரும்பப் போக வேண்டியிருந்தால் ஆகும் என்று பழைய ஃபைல்களை விண்டோஸ் எடுத்து வைத்தது. இத்தனை வருடம் கழித்து யாரும் சர்வீஸ் பேக்கைக் கழற்றப் போவதில்லை. டிஸ்ம் கமாண்டில் கிளீனப் இமேஜோடு 'எஸ்பி சூப்பர்சீடட்' என்று சேர்த்துக் கொடுத்தால் அவை போய்விடும்.

இரண்டாவது வழிதான் நிறைய இடம் தருவது. பழைய அப்டேட்களைத் துடைக்கும் வசதியை டிஸ்க் கிளீனப்பில் 2013 அக்டோபரில் விண்டோஸ் 7-க்குக் கொடுத்தார்கள். சர்வருக்கு வர மேலும் ஒரு வருடம் ஆனது. கேபி2852386 என்ற எண். சிக்கல் என்னவென்றால் சர்வரில் டிஸ்க் கிளீனப்பே கிடையாது. டெஸ்க்டாப் எக்ஸ்பீரியன்ஸ் என்ற ஃபீச்சரைச் சேர்த்தால் வரும்; கூடவே மீடியா பிளேயர், தீம் எல்லாம் வரும், ரீஸ்டார்ட்டும் கேட்கும். இடம் இல்லாத டிரைவில், இடம் பிடிக்க, இடம் தின்னும் ஒன்றை நிறுவச் சொல்கிறார்கள்! அதற்குப் பதில், வின்எஸ்எக்ஸ்எஸ்-க்குள்ளேயே கிளீன்எம்ஜிஆர்.எக்ஸி என்ற ஃபைலும் அதன் மொழி ஃபைலும் இருக்கின்றன. தேடி எடுத்து முதலாவதை சிஸ்டம்32-க்கும் இரண்டாவதை அதற்குள் இருக்கும் இஎன்-யூஎஸ் ஃபோல்டருக்கும் காப்பி செய்தால் டிஸ்க் கிளீனப் வேலை செய்யும். அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து, விண்டோஸ் அப்டேட் கிளீனப் என்ற கட்டத்தை டிக் செய்யுங்கள்.

இதில் அவசரம் கூடாத இடம் ஒன்று இருக்கிறது. டிக் செய்து ஓகே கொடுத்ததும் பாதி வேலைதான் ஆகும். மீதி, ரீஸ்டார்ட் ஆகும்போது, 'கிளீனிங் அப்' என்ற திரையில் நடக்கும். பழைய ஹார்ட் டிஸ்க்கில் ஒரு மணி நேரம், சில இடங்களில் அதற்கும் மேலே. அந்த நேரம் முழுக்க ரிமோட் டெஸ்க்டாப் வராது. தூரத்தில் உட்கார்ந்திருப்பவருக்கு சர்வர் செத்துவிட்டதாகத் தோன்றும். யாரையாவது கூப்பிட்டு "பவர் பட்டனை அழுத்திப் பிடிங்க" என்று சொல்லிவிட்டால் அப்போது நிஜமாகவே செத்துவிடும். சனிக்கிழமை மாலை, பேக்கப் எடுத்து முடித்து, சர்வர் முன்னால் மானிட்டரோடு உட்கார்ந்து செய்ய வேண்டிய வேலை இது. சர்வர் 2012 ஆர்2 வைத்திருப்பவர்களுக்கு வாழ்க்கை சுலபம்: டிஸ்ம் கமாண்டே அளந்தும் சொல்லும், 'ஸ்டார்ட் காம்போனென்ட் கிளீனப்' என்றால் துடைத்தும் தரும்.

பேஜ் ஃபைல், ஹைபர்னேஷன் ஃபைல், மெமரி டம்ப் மூன்றையும் ஒரே மூச்சில் சொல்லிவிடலாம். சர்வருக்குத் தூக்கம் எதற்கு? 'பவர்சிஎஃப்ஜி' கமாண்டில் ஹைபர்னேஷனை ஆஃப் செய்தால் ரீஸ்டார்ட் இல்லாமலே அந்த ஃபைல் மறையும். மெமரி டம்ப், என்றோ வந்த நீலத்திரையின் நினைவுச் சின்னம். தேதி பழையதாக இருந்தால் அழிக்கலாம். பேஜ் ஃபைல்தான் ஆள் ஏமாற்றும். எட்டு ஜிபி ராம் இருந்ததை 32 ஆக்கினோம், நல்ல காரியம். அளவை விண்டோஸே பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டிருந்தால் அது ராமுக்கு ஈடாக சி-யில் இடம் பிடித்துக்கொள்ளும். "ராம் போட்டதும் சர்வர் மெதுவாயிடுச்சு" என்ற புகாருக்குப் பின்னால் பல இடங்களில் இருப்பது இதுதான். பெரும்பகுதியை டி-க்கு நகர்த்துங்கள். அடுத்த நீலத்திரையில் டம்ப் எழுத வேண்டுமே, அதற்காக சி-யில் கொஞ்சம் விட்டு வையுங்கள்.

லாக்குகள் விஷயத்தில் கை தாராளமாக இருக்கக் கூடாது. ஐஐஎஸ் ஓடும் சர்வரில் இனெட்பப் ஃபோல்டருக்குள் தினம் ஒரு லாக் சேரும். தானாக எதுவும் அழியாது. 2011-ஆம் வருட லாக் இன்னும் இருக்கும். ஆனால் 2022 ஏப்ரல் 28-ஆம் தேதி மத்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் போட்ட உத்தரவின்படி, கம்பெனிகள் தங்கள் கணினி அமைப்புகளின் லாக்குகளைக் கடைசி 180 நாளுக்கு வைத்திருக்க வேண்டும். எனவே ஆறு மாதத்துக்கு உள்ளே இருப்பவற்றை டி-க்கு நகர்த்துங்கள், அழிக்காதீர்கள். ஐஐஎஸ் செட்டிங்கில் லாக் எழுதும் இடத்தையே டி-க்கு மாற்றிவிட்டால் சி-க்கு அந்தத் தொல்லை இனி இல்லை.

விண்டோஸுக்குள் இன்ஸ்டாலர் என்று ஒரு மறைந்த ஃபோல்டர் இருக்கிறது. எழுத்தும் நம்பருமாகப் பெயர் தாங்கிய எம்எஸ்ஐ, எம்எஸ்பி ஃபைல்கள் அங்கே பல ஜிபி அளவுக்குக் குவிந்திருக்கும். பார்க்கக் குப்பை மாதிரியே இருக்கும். அது குப்பை அல்ல. ஆபீஸையோ எஸ்க்யூஎல் சர்வரையோ நாளைக்குக் கழற்றவோ பேட்ச் போடவோ போனால், அந்த ஃபைலைத்தான் முதலில் கேட்கும். கிடைக்காவிட்டால் இன்ஸ்டால் சிடியைப் போடு என்று நிற்கும்; அந்த சிடி யாரிடம் இருக்கிறது? திருப்பிக் கேட்கப்படும் ஃபைல் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. நான் தொடுவதில்லை.

விண்டோஸ் எழுதியதைக் கழித்துவிட்டால் மிச்சம் மனிதர்கள் எழுதியது. டாலி.இஆர்பி 9-ஐ நிறுவும்போது எல்லாவற்றுக்கும் ஓகே கொடுத்துக்கொண்டே போனால் டேட்டா சி-யிலேயே உட்காரும். அதன் பக்கத்தில் 'பேக்கப்', 'பேக்கப் நியூ', 'பேக்கப் லாஸ்ட்', 'பேக்கப் ஒரிஜினல் டோன்ட் டெலிட்'. கணக்குப் பார்க்கும் அக்காவிடம் கேட்டேன்:

"அக்கா, இதுல எதுங்க வேணும்?"

"எல்லாமே இருக்கட்டும் தம்பி. ஆடிட்டர் கேட்டாருன்னா நான் எங்க போவேன்?"

அக்கா சொல்வதில் தப்பில்லை. கம்பெனிச் சட்டப்படி கணக்குப் புத்தகங்களை எட்டு நிதியாண்டுக்கு வைத்திருக்க வேண்டும். நான் செய்ய வேண்டியது, அவற்றை சி-யிலிருந்து எடுத்து டி-யில் ஒரு பிரதியும் வெளி ஹார்ட் டிஸ்க்கில் ஒரு பிரதியுமாக வைத்து, அந்தப் பிரதி டாலியில் திறக்கிறதா என்று அக்கா முன்னாலேயே திறந்து காட்டுவது. அவர் தலையாட்டிய பிறகு சி-யில் இருப்பதை எடுக்கலாம். நான் மட்டும் முடிவு செய்யும் விஷயம் அல்ல அது.

சர்வர் விர்ச்சுவல் மெஷினாக இருந்தால் இவ்வளவு பாடே இல்லை. விர்ச்சுவல் டிஸ்க்கைப் பெரிதாக்கி, டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் எக்ஸ்டெண்ட் வால்யூம் கொடுத்தால் முடிந்தது. சி-க்கு வலது பக்கத்தில் ஒட்டினாற்போல் காலி இடம் இருக்க வேண்டும், அவ்வளவுதான். நிஜ மெஷினில் அந்த இடத்தில் டி உட்கார்ந்திருப்பதால் எக்ஸ்டெண்ட் வால்யூம் சாம்பல் நிறத்தில் மங்கித் தெரியும்.

எல்லாம் முடிந்து கிளம்பும் முன் ஒரு காரியம் செய்துவிட்டு வருவேன். எஃப்எஸ்யூட்டில் கமாண்டால் சி-யில் 2 ஜிபிக்கு ஒரு வெற்று ஃபைலை உருவாக்கி, அது எதற்கு என்பதைப் பெயரிலேயே எழுதி வைப்பேன். மறுபடி ஒரு 19-ஆம் தேதி டிரைவ் நிரம்பினால், நான் வந்து சேரும் வரை அதை அழித்துவிட்டு பில் போடலாம். அப்புறம் ஈவென்ட் வியூவரில் 2013 என்ற எண்ணைத் தேடிப் பார்க்க அங்கே இருப்பவருக்குச் சொல்லித் தருவேன். காலி இடம் பத்து சதவீதத்துக்குக் கீழே போனதும் விண்டோஸ் அந்த எண்ணில் எச்சரிக்கை எழுதத் தொடங்கிவிடும். நிரம்பிய சர்வர்களில் போய்ப் பார்த்தால் மாதக்கணக்கில் எழுதியிருக்கும், படிக்கத்தான் ஆளில்லை.

2008 ஆர்2-க்கு மைக்ரோசாஃப்ட் ஆதரவு 2020 ஜனவரி 14-ஆம் தேதியோடு முடிந்தது. புது அப்டேட் எதுவும் வராததால் ஒரு முறை துடைத்த வின்எஸ்எக்ஸ்எஸ் இனி வளராது. மறுபடி நிரம்பினால் குற்றவாளி ஏதோ ஒரு லாக் அல்லது ஓர் ஆள். அதே காரணத்தால் புதிதாக வரும் ஓட்டைகளையும் யாரும் அடைக்கப் போவதில்லை. 2019-இல் ரிமோட் டெஸ்க்டாப்பில் புளூகீப் என்ற ஓட்டை வெளியானபோது இந்த விண்டோஸுக்கு பேட்ச் கிடைத்தது. இன்றைக்கு அப்படி ஒன்று வந்தால் கிடைக்காது. சம்பள சாஃப்ட்வேருக்கு மாற்று பார்க்கும் செலவை அடுத்த வருடக் கணக்கில் எழுதி வையுங்கள். அதுவரை இந்த சர்வரின் 3389 போர்ட் ரூட்டரில் வெளியே திறந்திருக்கிறதா என்று இன்றைக்கே பார்த்து, திறந்திருந்தால் மூடிவிடுங்கள்.